பதினொரு மாதங்களில் இரு தீர்ப்புகள்
டேர்பி, லீட்ஸ் உதைபந்தாட்டக் கழகங்களின் முகாமையாளர் மாற்றங்கள், 1973–1974

இங்கிலாந்தின் உதைபந்தாட்டக் கழகம் ஒன்று யாருக்கு உரியது என்னும் வினாவுக்குச் சட்டம் தரும் விடை மிக எளியது. பங்குகளை வைத்திருப்போருக்கே அது உரியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே தேவாலயங்களையும் தொழிற்சாலைகளையும் மதுச்சாலைகளையும் சார்ந்து தோன்றிய இக்கழகங்கள், மைதானம் வாங்கவும் ஆட்டக்காரருக்கு ஊதியம் வழங்கவும் வேண்டி வரையறுக்கப்பட்ட கம்பனிகளாகப் பதிவுசெய்யப்பட்டன. அன்றிலிருந்து உள்ளூர் வணிகரும் ஆலை முதலாளிகளும் சட்டத்தரணிகளும் அவற்றின் பணிப்பாளர் சபைகளிலே அமர்ந்து வந்தனர். ஆயினும் சனிக்கிழமை பிற்பகலில் படிக்கட்டுகளில் நெருக்கியடித்து நின்று ஆட்டம் பார்த்த தொழிலாளி 'எங்கள் கழகம்' என்று கூறியபோது, பங்குப் பத்திரத்தை மனத்திற்கொண்டு அவன் அவ்வாறு கூறவில்லை. தந்தையும் பாட்டனும் நின்ற அதே படிக்கட்டில் நிற்பதனால் வந்த உரிமையையே அவன் குறித்தான்.

இவ்விரு உரிமைகளும் சாதாரண காலங்களிலே ஒன்றோடொன்று மோதுவதில்லை. முகாமையாளர் ஒருவர் நீக்கப்படும்போதோ எதிர்பாராத ஒருவர் நியமிக்கப்படும்போதோதான் அவை நேருக்கு நேர் நிற்கின்றன. அவ்வேளையில் மூன்றாவது தரப்பு ஒன்றும் குரல் எழுப்புகின்றது. அது உண்மையில் உழைக்கும் தரப்பாகிய ஆட்டக்காரர் கூட்டம். 1973 ஒக்டோபருக்கும் 1974 செப்ரெம்பருக்கும் இடைப்பட்ட பதினொரு மாதங்களிலே இம்முத்தரப்பும் இரு முறை மோதின. இரு முறையும் மையத்தில் நின்றவர் ஒருவரே. டேர்பியிலே ஆட்டக்காரர் அவரை வேண்டும் என்றனர். சபை வேண்டாம் என்றது. லீட்ஸிலே சபை அவரை வேண்டும் என்றது. ஆட்டக்காரர் வேண்டாம் என்றனர். முதலாவதில் ஆட்டக்காரர் தோற்றனர், இரண்டாவதில் வென்றனர். அல்லது வென்றனர் என்று கருதப்பட்டது. இவ்வேறுபாட்டின் காரணம் யாது என்பதே இங்கு ஆராயப்படுவது.

பிறையன் கிளஃப் 1935இல் இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள மிடில்ஸ்புறோ என்னும் உருக்குத் தொழில் நகரிலே பெரிய குடும்பம் ஒன்றிற் பிறந்தார். தந்தையார் இனிப்புப் பண்டத் தொழிற்சாலையிலே பணியாற்றியவர். பதினொரு வயதுப் பிள்ளைகளைத் தரம் பிரிக்கும் பரீட்சையிலே தோல்வியுற்ற கிளஃப், பதினைந்து வயதிலே பாடசாலையை விட்டு இரசாயனத் தொழிற்சாலையொன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அப்பரீட்சைத் தோல்வியை அவர் தம் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை என்பது அவருடைய பேச்சுகளைப் படிப்போருக்குப் புலனாகும். ஆட்டக்காரராக மிடில்ஸ்புறோ, சண்டர்லாந்து ஆகிய கழகங்களுக்கு 274 லீக் ஆட்டங்களில் 251 கோல்களைப் போட்டார். 1962ஆம் ஆண்டு நத்தாருக்கு மறுநாள் நடைபெற்ற ஆட்டத்திலே முழங்கால் சிதைந்து, அவ்வாழ்வு இருபத்தேழு வயதில் ஏறத்தாழ முடிவுக்கு வந்தது. 1965இல் லீக்கின் அடிமட்டத்திலே கிடந்த ஹாட்லிபூல்ஸ் கழகத்தின் முகாமையாளரானபோது, பழைய நண்பரான பீற்றர் ரெயிலரைத் துணைக்கு அழைத்துக் கொண்டார். ஆட்டக்காரரின் திறமையை இனங்காண்பதில் ரெயிலருக்கு இருந்த கண் கிளஃபுக்கு இல்லை. ஆட்டக்காரரை ஆளுவதில் கிளஃபுக்கு இருந்த துணிவு ரெயிலருக்கு இல்லை.

1967இல் இருவரும் டேர்பி கவுண்டிக்கு வந்தனர். 1888இல் லீக்கைத் தோற்றுவித்த பன்னிரு கழகங்களுள் ஒன்றாயினும், 1946இல் சங்கக் கிண்ணத்தை வென்றதன் பின்னர் சொல்லிக்கொள்ளத்தக்க எதையும் சாதிக்காத கழகம் அது. டேர்பி புகையிரத வேலைத்தலங்களாலும் றோல்ஸ் றொய்ஸ் எந்திரத் தொழிற்சாலையாலும் வாழ்ந்த ஊர். 1977 வரை அது 'மாநகர்' என்னும் தகுதியைக்கூடப் பெற்றிருக்கவில்லை. கிளஃபின் கழகம் 1969இல் இரண்டாம் பிரிவின் முதலிடத்தை வென்று மேலேறியது. 1972இல் லீட்ஸ், லிவர்பூல், மன்செஸ்ரர் சிற்றி ஆகிய மூன்றையும் ஒரே ஒரு புள்ளியால் முந்தி, வரலாற்றில் முதன்முறையாக இங்கிலாந்தின் முதன்மைக் கழகமாயிற்று. இவ்விரு ஆண்டுகளுக்கும் இடையிலே, 1971 பெப்ரவரியில், றோல்ஸ் றொய்ஸ் கம்பனி வங்குரோத்து நிலையடைந்து அரசாங்கத்தினாற் பொறுப்பேற்கப்பட்டது என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். ஊரின் பெருந்தொழில் தடுமாறிய காலத்திலேதான் ஊரின் பெயர் ஐரோப்பா முழுவதும் ஒலித்தது. 1972–73 பருவத்து ஐரோப்பியக் கிண்ணப் போட்டியிலே டேர்பி பென்ஃபிக்காவை 3–0 எனத் தன் மைதானத்தில் வென்றது. அரையிறுதி வரை சென்று இத்தாலியின் யுவெந்துஸிடம் தோற்றது. அவ்வூரார் கிளஃபிடம் கொண்ட பற்றை வெறும் விளையாட்டு மோகம் என ஒதுக்கிவிட முடியாமைக்குக் காரணம் இதுவே.

சபைத் தலைவர் சாம் லோங்சன் சரக்கு லொறிப் போக்குவரத்திலே பொருளீட்டியவர். தொடக்க காலத்திலே கிளஃபைத் தம் மகனைப் போலப் போற்றினார். ஆனால் 1972 ஓகஸ்டிலே டேவிட் நிஷ் என்னும் பின்கள வீரரை 2,25,000 பவுண் என்னும் அக்காலத்துச் சாதனைத் தொகைக்கு வாங்கியபோது கிளஃப் சபையின் ஒப்புதலைக் கேட்கவில்லை. இது தனித்த ஒரு நிகழ்ச்சியன்று. தொலைக்காட்சியில் விமரிசகராகவும் பத்திரிகைகளில் எழுத்தாளராகவும் அவர் நாடறிந்தவராக வளர்ந்துவிட்டார். லீக்கின் நிர்வாகிகளையும் பிற கழகங்களையும் வெளிப்படையாகச் சாடினார். தொழிற் கட்சி ஆதரவாளராகச் சுரங்கத் தொழிலாளரின் பக்கம் நின்று பேசினார். 1973 ஓகஸ்டிலே ஞாயிறு இதழொன்றில், ஒழுங்கீனமாக ஆடிய லீட்ஸ் கழகத்தை இரண்டாம் பிரிவுக்கு இறக்கியிருக்க வேண்டும் என எழுதினார். ஓராண்டின் பின் லீட்ஸிலே அவருக்கு நேர்ந்ததை அறிவோர்க்கு இவ்வாக்கியம் நகைப்பூட்டும்.

அக்காலத்துக் கழகப் பணிப்பாளர்கள் ஊதியம் பெறுதல் உதைபந்தாட்டச் சங்கத்தின் விதிகளால் தடை செய்யப்பட்டிருந்தது. இத்தடை 1981 வரை நீடித்தது. பங்கிலாபமும் சிறு விகிதத்துக்கு மேற் செல்லலாகாது. அவ்வாறாயின் லொறி முதலாளியும் தளபாட வணிகரும் இச்சபைகளிலே இருந்து பெற்றதென்ன? ஊரிலே மதிப்பும், சனிக்கிழமைகளில் முன்வரிசை இருக்கையும், 'இது என்னுடையது' என்னும் உணர்வுமே அவர்கள் பெற்ற கூலி. ஊரார் முழுப்பேரும் கிளஃபின் பெயரையே உச்சரித்து, லோங்சனின் பெயரை அறியாதிருந்தபோது, அக்கூலியே பறிக்கப்பட்டது. டேர்பிப் பிணக்கின் வேரைப் பணத்திலே தேடுவோர் ஏமாறுவர். பணத்தைப் பொறுத்தவரை கிளஃபின் கழகம் நல்ல நிலையிலேயே இருந்தது.

1973 ஒக்டோபர் 13ஆம் நாள் டேர்பி மன்செஸ்ரர் யுனைற்றெட்டை அதன் மைதானத்திலேயே 1–0 என வென்றது. அன்று எதிர்க்கழகத்துப் பணிப்பாளர்களை நோக்கிக் கிளஃப் அநாகரிகமான சைகை காட்டினார் என்று குற்றஞ்சாட்டப்பட்டது. அவர் அதனை மறுத்தார். தொலைக்காட்சி, பத்திரிகைப் பணிகளைக் கட்டுப்படுத்துமாறு லோங்சன் வற்புறுத்தினார். ரெயிலர் உண்மையிலே என்ன வேலை செய்கிறார் என விளக்குமாறு சபையிலே செல்வாக்குப் பெற்று வந்த பணிப்பாளர் ஒருவர் கேட்டார். 15ஆம் நாள் கிளஃபும் ரெயிலரும் பதவி விலகற் கடிதங்களைக் கொடுத்தனர். சபை அஞ்சிப் பின்வாங்கும், கடிதங்களை ஏற்காது என்பதே அவர்களின் கணக்கு. மறுநாள் கூடிய சபை அவற்றை ஏற்றுக்கொண்டது.

அதற்கு அடுத்த நாளே, ஒக்டோபர் 17இல், இங்கிலாந்தின் தேசிய அணி வெம்பிளி மைதானத்திலே போலந்துடன் 1–1 எனச் சமன்செய்து, 1974 உலகக் கிண்ணத்துக்குத் தகுதிபெறத் தவறியது. போலந்தின் காப்பாளர் யான் தொமஷெவ்ஸ்கியைக் 'கோமாளி' எனத் தொலைக்காட்சியிலே பழித்தவர் வேலையிழந்து ஒரு நாளேயான கிளஃப். அக்'கோமாளி'யே இங்கிலாந்தைத் தடுத்து நிறுத்தினார். டேர்பியின் அணித் தலைவர் றோய் மக்ஃபார்லண்ட் அன்று இங்கிலாந்துக்காக ஆடினார். டேர்பியின் கெவின் ஹெக்ரர் இறுதி நிமிடங்களிலே மாற்று வீரராகக் களமிறக்கப்பட்டு, தலையாலிட்ட பந்து கோற் கோட்டிலே தடுக்கப்பட்டதைக் கண்டார். தம் முகாமையாளரை இழந்த துயரோடு அவ்விருவரும் அன்று களத்தில் நின்றனர்.

அதன்பின் டேர்பியிலே நடந்தவை, 1970களின் இங்கிலாந்தைத் தொழிற் பிணக்குகளின் காலமாக அறிந்தோருக்கு வியப்பளிக்கமாட்டா. ஆட்டக்காரர் ஒன்றுகூடி, கிளஃபையும் ரெயிலரையும் மீண்டும் நியமிக்குமாறு கோரிச் சபைக்குக் கடிதம் கையெழுத்திட்டு அனுப்பினர். பேச்சு வேலைநிறுத்தம் வரை சென்றது. ஊர் மக்கள் எதிர்ப்பு இயக்கம் ஒன்றைத் தொடங்கி ஊர்வலங்களும் கூட்டங்களும் நடத்தினர். ஒக்டோபர் 20இல் லெஸ்ரர் கழகத்துடன் நடந்த ஆட்டத்தின்போது கிளஃப் பார்வையாளர் பகுதியிலே தோன்றிக் கைகளை உயர்த்த, மைதானம் எழுந்து ஆரவாரித்தது. சில நிமிடங்களில் அவர் வெளியேறி, தொலைக்காட்சி நேர்காணல் ஒன்றுக்காக இலண்டனுக்குச் சென்றுவிட்டார். இந்நிகழ்ச்சியை அவருடைய ஆதரவாளர் உருக்கத்தோடு நினைவுகூர்வர். ஆயின் போராட்டமொன்றின் தலைவன், போராட்டம் உச்சநிலையில் இருக்கையிலே தொலைக்காட்சி நிலையத்துக்குப் புறப்பட்டுச் சென்றமை, சபை அவர்மீது சாட்டிய குற்றத்தைத் தானே மெய்ப்பித்தது போலாயிற்று.

சபை கலங்கியதெனினும் நிலைகுலையவில்லை. ஒக்டோபர் 23இல் டேவ் மக்கை முகாமையாளராக நியமிக்கப்பட்டார். சபை செய்தவற்றுள் மதிநுட்பமானது இந்நியமனமே. மக்கை அயலான் அல்லர். 1968இல் கிளஃபே அவரை ரொட்டன்ஹாமிலிருந்து டேர்பிக்குக் கொணர்ந்து அணித்தலைவராக்கி, இரண்டாம் பிரிவிலிருந்து மேலேறச் செய்தார். கலகக்காரர் பலர் அவரோடு ஒன்றாய் ஆடியவர்கள். அவரை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தல் தம் பழைய தலைவனையே எதிர்த்தலாகும். இதனோடு வேறொரு காரணமும் சேர்ந்தது. கிளஃப் நீக்கப்படவில்லை, விலகினார். நீக்கப்பட்டவரை மீட்கக் கோருவோருக்கு நியாயம் உண்டு. தாமாகவே விலகியவரை மீட்கக் கோருவோரிடம் சபை கடிதத்தைக் காட்டினாற் போதும்.

இங்கு ஆட்டக்காரரின் சட்ட நிலையைச் சற்று விரிவாக நோக்குதல் பொருந்தும். 1961 வரை இங்கிலாந்தின் ஆட்டக்காரன் எத்துணைச் சிறந்தவனாயினும் பருவக்காலத்திலே வாரத்துக்கு 20 பவுணுக்கு மேற் பெற முடியாதிருந்தது. ஜிமி ஹில்லைத் தலைவராகக் கொண்ட ஆட்டக்காரர் தொழிற்சங்கம் வேலைநிறுத்த அறிவித்தல் விடுத்த பின்னரே அவ்வுச்சவரம்பு நீக்கப்பட்டது. ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னும் ஆட்டக்காரனைப் பிற கழகத்துக்குச் செல்லவிடாது பிடித்துவைக்கும் முறை நியாயமற்ற தொழிற்றடை என்பதை, ஜோர்ஜ் ஈஸ்தம் நியூகாசில் யுனைற்றெட்டுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் நீதியரசர் வில்பர்ஃபோஸ் 1963இல் தீர்ப்பளித்தார். எனினும் முழுமையான ஒப்பந்தச் சுதந்திரம் 1978இலேதான் கைகூடியது. ஆகவே 1973இன் டேர்பி ஆட்டக்காரன் தந்தையினும் பன்மடங்கு ஊதியம் பெற்றவனாயினும், கழகத்தை விட்டுச் செல்லும் உரிமை குறைந்தவனாகவே இருந்தான். வேலைநிறுத்தம் செய்வதென்றால் ஒப்பந்தத்தை மீறுவதாகும். மீறினால் வேறெங்கும் ஆடுவதற்குக் கழகம் இணங்காது. கடிதத்திலே கையெழுத்திட்ட கைகள் அதற்கு மேல் நீளாமைக்கு இதுவே அடிப்படை. இதனைக் கோழைத்தனம் எனக் கூறுதல் அநியாயம்.

மக்கையின் அணி அப்பருவத்தில் மூன்றாம் இடத்தையும், 1975இல் முதலிடத்தையும் பெற்றது. எதிர்ப்பு இயக்கம் தோல்வியால் ஓயவில்லை, வெற்றியால் ஓய்ந்தது.

லீட்ஸின் கதை வேறு. முன்பிருந்த லீட்ஸ் சிற்றி என்னும் கழகம் சட்டவிரோதக் கொடுப்பனவுகள் காரணமாக 1919இல் கலைக்கப்பட, அதன் இடத்திலே எழுந்தது லீட்ஸ் யுனைற்றெட். 1961இல் ஆட்டக்காரராக இருந்தவாறே அதன் முகாமையாளரான டொன் றெவி, இரண்டாம் பிரிவிலே தள்ளாடிய கழகத்தை 1969இலும் 1974இலும் இங்கிலாந்தின் முதலிடத்துக்கு உயர்த்தினார். றெவியும் மிடில்ஸ்புறோவிலே பிறந்தவர் என்பது, பின்னர் அவருக்கும் கிளஃபுக்கும் மூண்ட பகையை நோக்குமிடத்துக் கவனிக்கத்தக்கது. ஒரே ஊரின் வறுமை இருவரையும் இருவேறு விதமாக உருவாக்கியது. கிளஃப் யாரையும் சாராது நிற்க விரும்பினார். றெவியோ குடும்பத்தைக் கட்டினார். எதிரணிகளைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் குறிப்புகள் தயாரித்தல், விடுதிகளில் அனைவரும் ஒன்றாயிருந்து எளிய விளையாட்டுகள் ஆடுதல், மனைவி மக்களின் நலம் விசாரித்தல் முதலியவற்றால் பில்லி பிறெம்னர், ஜோனி ஜைல்ஸ், நோர்மன் ஹன்ரர் ஆகியோரைப் பதின்ம வயதிலிருந்தோ இளமையிலிருந்தோ தம்மோடு பிணைத்தார். அவ்வணி கடுமையாக ஆடியது, மத்தியஸ்தரை நெருக்கியது, பிற ஊர்களிலே வெறுக்கப்பட்டது. 1973–74 பருவத்தில் முதல் 29 லீக் ஆட்டங்களிலும் தோல்வி காணாத அணியும் அதுவே.

1974 யூலையிலே றெவி தேசிய அணியின் முகாமையாளராகச் சென்றார். தமக்குப் பின் ஜைல்ஸை நியமிக்குமாறு அவர் பரிந்துரைத்தார். தளபாட வணிகரான மனி கசின்ஸின் தலைமையிலிருந்த சபை அதனை ஏற்கவில்லை. யூலை 20இல் கிளஃபின் பெயர் வெளிவந்தபோது இங்கிலாந்தின் உதைபந்தாட்ட உலகம் திகைத்தது. டேர்பியிலிருந்து விலகிய கிளஃப், ரெயிலரோடு மூன்றாம் பிரிவிலிருந்த பிறைற்றன் கழகத்துக்குச் சென்று, அங்கே அமெச்சூர் அணியொன்றிடம் 0–4 எனச் சங்கக் கிண்ணத்திலும், பிறிஸ்ரல் றோவர்ஸிடம் 2–8 என லீக்கிலும் தோற்றிருந்தார். லீட்ஸை ஏமாற்றுக்காரர் என நாடறியப் பழித்தவரும் அவரே. சபை ஏன் அவரைத் தேர்ந்தது? முதலிடம் வென்று பழகிய, முப்பத்தொன்பது வயதேயான ஒருவர் வேறெவரும் கிடைக்கமாட்டார் என்பது வெளிப்படையான காரணம். ஆயின் பதின்மூன்று ஆண்டுகள் றெவியின் சொல்லே சட்டமாயிருந்த கழகத்திலே, றெவி காட்டிய ஆளைத் தவிர்த்து அவருடைய எதிரியை அழைத்ததன் மூலம், கழகம் தம்முடையதே எனச் சபை நிலைநாட்ட முயன்றது எனக் கருதவும் இடமுண்டு. அங்ஙனமாயின் டேர்பிச் சபையும் லீட்ஸ்ச் சபையும் ஒரே நோக்கத்துக்காகவே எதிரெதிரான செயல்களைச் செய்தன.

ரெயிலர் உடன் வர மறுத்துப் பிறைற்றனிலேயே தங்கிவிட்டார். ஆட்டக்காரருக்கும் தமக்கும் இடையே நின்று கோபத்தைத் தணிக்கும் மனிதர் இன்றி, கிளஃப் தனியே எல்லண்ட் றோட் மைதானத்துக்கு வந்தார். நேர்மையாக வென்றவை அல்லவாகையால் உங்கள் பதக்கங்களைக் குப்பைத் தொட்டியில் எறியுங்கள் என முதற் கூட்டத்திலேயே அவர் கூறியதாக ஆட்டக்காரர் பின்னாளிலே நினைவுகூர்ந்தனர். அப்பதக்கங்களுக்காக முழங்கால்களையும் இளமையையும் ஈந்தவர்கள் அவர்கள். பிறெம்னருக்கு 31 வயது, ஜைல்ஸுக்கு 33, ஹன்ரருக்கு 30. அணி முதுமை எய்துகின்றது, புதுப்பித்தல் வேண்டும் என்னும் கிளஃபின் கணிப்பு பிழையன்று. அதனைச் சொன்ன முறைதான் பிழை.

ஓகஸ்ட் 10இல் வெம்பிளியில் லிவர்பூலுடன் நடந்த தரும நிதி ஆட்டத்திலே பிறெம்னரும் கெவின் கீகனும் கைகலந்து வெளியேற்றப்பட்டனர். இருவரும் சட்டையைக் கழற்றி எறிந்தவாறு சென்ற காட்சி தொலைக்காட்சியிலே நாடெங்கும் தெரிந்தது. தண்ட உதைகளால் லிவர்பூல் வென்றது. பிறெம்னருக்குச் செப்ரெம்பர் இறுதிவரை தடை விதிக்கப்பட்டது. ஆகவே கிளஃபின் லீட்ஸ் பெரும்பாலும் தன் தலைவன் இன்றியே ஆடியது. கிளஃப் 2,50,000 பவுணுக்கு டங்கன் மக்கென்சியையும், டேர்பியிலிருந்து தம் பழைய ஆட்களான ஜோன் மக்கவர்ன், ஜோன் ஓஹெயர் ஆகியோரையும் வாங்கினார். பிறெம்னரின் இடத்திலே ஆடிய மக்கவர்னைச் சொந்த மைதானத்துப் பார்வையாளரே கூச்சலிட்டு இகழ்ந்தனர். ஆறு லீக் ஆட்டங்களில் ஒரு வெற்றி, இரு சமநிலை, மூன்று தோல்வி. நடப்பு முதன்மைக் கழகத்துக்குக் கிடைத்தவை நான்கே புள்ளிகள்.

பணிப்பாளரும் ஆட்டக்காரரும் கலந்துகொண்ட கூட்டமொன்றிலே முகாமையாளர்மீது குறைகள் கூறப்பட்டன. செப்ரெம்பர் 12இல், பதவியேற்று நாற்பத்து நான்கு நாட்களில், கிளஃப் நீக்கப்பட்டார். அன்றிரவே யோக்‌ஷயர் தொலைக்காட்சியில் ஒஸ்ரின் மிச்செல் நடத்திய நிகழ்ச்சியிலே அவரும் றெவியும் அருகருகே அமர்ந்து வாதிட்டனர். வேலையிழந்த நாளில் இவ்வளவு தெளிவாகப் பேசிய மனிதரைத் தொலைக்காட்சி அதற்கு முன் கண்டிருக்குமோ என்பது ஐயமே.

'ஆட்டக்காரர் அதிகாரம்' என்னும் தொடர் அவ்வாரத்துப் பத்திரிகைகளிலே பெரிதும் அடிபட்டது. சில மாதங்களுக்கு முன்னரே, 1974 பெப்ரவரியில், சுரங்கத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்கிடையே தேர்தலுக்குச் சென்ற ஹீத் அரசாங்கம் ஆட்சியை இழந்திருந்தது. தொழிலாளர் அரசாங்கத்தையே வீழ்த்தினர், இப்போது முகாமையாளரையும் வீழ்த்துகின்றனர் என்னும் பீதி அத்தொடரிலே தொனித்தது. ஆயினும் இவ்வொப்புமை ஆராயத் தாங்காது. லீட்ஸின் ஆட்டக்காரர் வேலைநிறுத்தம் செய்யவில்லை, கடிதம் எழுதவில்லை, தொழிற்சங்கத்தை நாடவில்லை. கேட்டபோது தம் கருத்தைக் கூறினர். தாம் அவரை நீக்கவில்லை, நீக்கியது சபையே என அவர்களுட் பலர் பின்னர் வலியுறுத்தினர். அது சாக்கு மட்டுமன்று. நீக்கும் அதிகாரம் அவர்களிடம் இருக்கவில்லை.

டேர்பி ஆட்டக்காரர் செய்தது இதனினும் பெரிய கலகம், விளைந்தது ஒன்றுமில்லை. லீட்ஸ் ஆட்டக்காரர் செய்தது சிறிது, விளைந்தது பெரிது. இவ்வேறுபாட்டை அவர்களின் உறுதியைக் கொண்டு விளக்க முடியாது. சபைகளின் நலனைக் கொண்டே விளக்கலாம். டேர்பிச் சபைக்குக் கிளஃப் சென்றது இலாபம்; சபையின் மதிப்பு மீண்டது, அணியும் குலையவில்லை. லீட்ஸ்ச் சபைக்கோ, செப்ரெம்பர் 18இல் சூரிச் கழகத்துக்கு எதிராக ஐரோப்பியக் கிண்ணத்தின் முதலாட்டம் காத்திருந்தது. நீக்கத்துக்கும் அவ்வாட்டத்துக்கும் இடையிலிருந்தவை ஆறே நாட்கள். பெருந்தொகை வருவாயையும் ஐரோப்பியப் புகழையும் தரவல்ல அப்போட்டியிலே, முகாமையாளரை வெறுக்கும் அணியோடு இறங்குவதா, அணியை வைத்துக்கொண்டு முகாமையாளரை விடுவதா? பதினொரு ஆட்டக்காரரை ஒரு வாரத்தில் மாற்ற முடியாது. முகாமையாளரை ஒரே மாலையில் மாற்றலாம். லீட்ஸ் சூரிச்சை 4–1 என வென்றது.

இங்கு ஒரு முரண்பாட்டையும் சுட்டுதல் வேண்டும். தொழிலாளரின் பக்கம் நின்று பேசிய கிளஃப், தம்மிடம் உழைத்தோரிடையே எவ்வித எதிர்ப்பேச்சையும் பொறுத்தவரல்லர். தொழிலாளி வர்க்கத்திற் பிறந்த ஒருவர் சபையின் வணிகரோடு மோதியபோது வர்க்கப் போராளியாகவும், அதே வர்க்கத்திற் பிறந்த பிறெம்னரோடு மோதியபோது மேற்பார்வையாளராகவும் தோன்றினார். முகாமையாளன் என்பவன் முதலாளியுமல்லன், தொழிலாளியுமல்லன்; இருவரும் அவனைத் தம் எதிரியாக்கிக்கொள்வது எளிது. டேர்பியிலே அவரைக் கொண்டாடியோரும் லீட்ஸிலே அவரை வெறுத்தோரும் கண்டது ஒரே மனிதரையே. இவ்விரு தீர்ப்புகளையும் நல்லோர்–தீயோர் கதையாக எழுதுவோர் இதனை மறைத்துவிடுகின்றனர். 2006இல் டேவிட் பீஸ் இந்நாற்பத்து நான்கு நாட்களை வைத்து எழுதிய நாவலும் 2009இல் வந்த திரைப்படமும் இக்கதையைப் புதிய தலைமுறைக்குக் கொண்டுசென்றன. அந்நாவலிலே தாம் சித்திரிக்கப்பட்ட விதத்தை எதிர்த்து ஜைல்ஸ் சட்ட நடவடிக்கை எடுத்து, பகுதிகளை நீக்கச் செய்தார். நாவலைச் சான்றாகக் கொள்ளும் வரலாற்றாளர் இதனை மறத்தலாகாது.

ஜிமி ஆம்ஃபீல்ட் என்னும் அமைதியான மனிதர் லீட்ஸின் பொறுப்பேற்றார். 1975 மே 28இல் பரிஸ் நகரிலே நடந்த ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்திலே றெவியின் பழைய அணி பயர்ன் மியூனிக்கிடம் 0–2 எனத் தோற்றது. டேர்பிச் சபை 1976 நவம்பரிலே மக்கையையும் இழந்தது. 1977 பெப்ரவரியிலே, முன்பு விலகற் கடிதத்தை ஏற்ற அதே கழகம் கிளஃபை மீண்டும் வருமாறு வேண்டியது. அவர் மறுத்துவிட்டார். 1984இல் டேர்பி மூன்றாம் பிரிவில், கடன்காரரின் நீதிமன்ற நடவடிக்கையிலிருந்து மயிரிழையில் தப்பி நின்றது.

லீட்ஸ் தந்த நட்டஈடு வாழ்நாளில் முதன்முறையாகத் தமக்குப் பொருட்கவலையற்ற நிலையைத் தந்தது எனவும், அதன்பின் எந்தச் சபைக்கும் அஞ்ச வேண்டியிருக்கவில்லை எனவும் கிளஃப் பின்னர் கூறினார். 1975 யனவரியில் அவர் இரண்டாம் பிரிவிலிருந்த நொற்றிங்ஹாம் பொறெஸ்ற் கழகத்துக்குச் சென்றார். எல்லண்ட் றோட்டிலே இகழப்பட்ட மக்கவர்னையும் ஓஹெயரையும் அங்கே அழைத்துக்கொண்டார். 1976இல் ரெயிலரும் வந்து சேர்ந்தார். பொறெஸ்ற் 1978இல் இங்கிலாந்தின் முதலிடத்தையும், 1979இலும் 1980இலும் ஐரோப்பியக் கிண்ணத்தையும் வென்றது. இரு முறையும் அணித்தலைவராக நின்று அக்கிண்ணத்தை ஏந்தியவர் மக்கவர்ன். லீட்ஸ் ஒருபோதும் அதனை வெல்லவில்லை.

ரெயிலரோடு கிளஃப் 1983இல் ஓர் ஆட்டக்காரரை வாங்கியது பற்றிப் பிணங்கினார். 1990இல் ரெயிலர் இறக்கும்வரை இருவரும் பேசவில்லை. 2004 செப்ரெம்பரில் கிளஃபும் மறைந்தார். டேர்பியையும் நொற்றிங்ஹாமையும் இணைக்கும் நெடுஞ்சாலை இன்று அவர் பெயராலே வழங்குகின்றது. டேர்பியிலே கிளஃபும் ரெயிலரும் ஒருங்கே நிற்கும் சிலை 2010இல் திறக்கப்பட்டது. எல்லண்ட் றோட் மைதானத்தின் வெளியே பிறெம்னருக்கும் றெவிக்கும் சிலைகள் உள்ளன.